வெள்ளையடித்த சுவர்

பெரும்பாக்கம்

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெரூஷாவுக்கு அம்மா எழுதுவது. உனக்கும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும், மாப்பிள்ளைக்கும் அவர் சுகம் தரும்படி ஜெபிக்கிறேன். கோவையில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். லிஃப்ட் ஓடாத நாட்களில் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். உன் பிரசவத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் நாங்கள் கை வைக்கவில்லை.

இங்கே ஒரு சமாச்சாரம். அரசு வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்ற விதியை மாற்றியிருக்கிறார்களாம். முன்பு கூரையும் கதவும் கரண்டும் இருந்தால் போதும். இனி சுவரில் ஈரம் உண்டா, அறைக்குள் காற்று வருகிறதா என்றும் பார்த்து, குறையை அரசாங்கமே சரிசெய்ய வேண்டுமாம். ஸ்ரீவித்யா என்ற இன்ஜினியர் வீடு வீடாக வருவார் என்றார்கள்.

ஒருவர் வருகிறார் என்றால் நான் சும்மா இருப்பேனா? பாஸ்டர் வீட்டு ஜெபத்துக்கு வரும்போது செய்வதுபோல, உள் அறையில் கறுப்புப் பூத்த இடத்துக்கெல்லாம் வெள்ளையடித்து, வசனக் காலண்டரையும் அங்கே மாட்டினேன். அந்தப் பெண் அறையை எட்டிப் பார்த்தார், காபி குடித்தார், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் மற்ற வீடுகளுக்கெல்லாம் குழாய் வேலைக்காரர்கள் வந்தார்கள். நம் கதவை யாரும் தட்டவில்லை. கேட்டால், இங்கே குறை இல்லையே என்கிறார்கள். எதிர் வீட்டுத் தனம் வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாக்கா, வந்தது இன்ஜினீரு. நீ பாஸ்டர் வராருன்னு வூட்டை ரெடி பண்ணிக்கினியே."

சிரித்தவள்தான் என்னோடு அந்த இன்ஜினியரின் அலுவலகத்துக்கும் வந்தாள். நடந்ததைச் சொன்னதும் ஸ்ரீவித்யா மறுபடி மாடி ஏறி வந்தார். காலண்டரைக் கழற்றி உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கை நனைந்தது. மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் கசிகிறதாம். இங்கே யார் படுப்பார்கள் என்று கேட்டார். மகள் பிரசவத்துக்கு வரப்போகிறாள், அவளுக்கு இந்த அறைதான் என்றேன். அவர் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பச்சைக் குழந்தையை இங்க படுக்க வைக்காதீங்கம்மா" என்றார்.

பத்தாவது படிக்கும்போது இதே சுவரோரம் படுக்கும்போதுதான் உனக்கு வீசிங் வரும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

இப்போது குழாயை மாற்றிவிட்டார்கள். வெள்ளையையும் சுரண்டியாகிவிட்டது. சுவர் உலர்ந்த பிறகுதான் பூச முடியுமாம், மழைக்காலம் வேறு. வருகிறவர்கள் கண்ணில் கறை படுகிறது. படட்டும்.

உன்னை வா என்று கூப்பிடத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். இப்போது வராதே கண்ணு. முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் கூப்பிடவில்லையா என்று உன் மாமியார் கேட்டால், குறையை என் மேல் போடு, நீ எதிர்த்துப் பேசாதே. தினமும் ஜெபம் முடித்துச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன். கை நனையாத அன்று அப்பா உன்னை அழைத்து வர ரயில் ஏறுவார். அதுவரை கர்த்தர் உன் மூச்சையும் பிள்ளையின் மூச்சையும் காப்பாராக.

உன் அம்மா
ரத்தினபாய்