இரண்டு பக்கத்துக்குள் அடங்காத ஒழுங்கை

உன் கல்வெட்டுப் புத்தகம், செத்தவர் நினைவாக அச்சடிப்பார்களே அது, என் மேசையில் கிடக்கிறது. அச்சுமை இன்னும் சரியாகக் காயவில்லை. புரட்டினால் விரலில் ஒட்டுகிறது, மணக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். முன்னட்டையில் உன் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை நீ எவ்வளவு வெறுத்தாய் என்பது இவர்களுக்கு எங்கே தெரியும்?

உன் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். எழுதினேன். கனடாவிலிருந்து வந்த உன் மகன் வாசித்துவிட்டு, "அன்ரி, இது நீண்டுபோச்சு. அரைப் பக்கம் காணும், மிச்சத்துக்குத் தேவாரமும் படங்களும் போடவேணும்" என்றான். இப்போது அதில் உன் நாவலுக்கு ஒரே ஒரு வரி: 'ஓய்வு நேரங்களில் கதைகள் எழுதுவதில் ஆர்வமுடையவர்.' ஓய்வு நேரமாம். கண்டாவளை வயலில் தண்ணீர் முறைக்குக் காத்துக்கொண்டு வரம்பில் குந்தியிருந்து எழுதியவள் நீ. சேற்றுக் கை பட்ட அந்தத் தாள்களைப் பரந்தனில் என் கடைக் கணினியில் தட்டச்சு செய்தவள் நான். வந்த கோபத்துக்குப் புத்தகத்தை அடுப்பில் போட்டிருப்பேன். அட்டையில் உன் முகம் இருந்ததால் தப்பியது.

ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டோமே, நினைவிருக்கிறதா? நாவலை அனுப்ப வேண்டாம், முதலில் கதைச்சுருக்கம் அனுப்புங்கள் என்றார். தொலைபேசியில் தெளிவாகத்தான் சொன்னார்: "ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். முக்கியமான ஆக்கள் மூண்டு நாலு பேர் போதும். முடிவையும் எழுதுங்கோ." நீ கொண்டுவந்தது ஒரு கொப்பி முழுக்க. நாவல் நடக்கும் அந்தக் குறுகிய தெருவில், ஒழுங்கையின் முதல் வீட்டில் தொடங்கி, ஒவ்வொருவரும் எந்த ஊர், ஆருடைய பிள்ளை, எங்கே சம்பந்தம் செய்தது என்று கலியாணம் பேசப் போனவள் மாதிரி எழுதியிருந்தாய். இத்தனையும் சொன்ன நீ, முடிவை மட்டும் சொல்லவில்லை.

"முடிவைச் சொன்னா பிறகு ஆரடி வாசிப்பினம்?" என்றாய்.

"நெல்லு வாங்க வாற யாவாரி மூட்டைக்கு அடியில கை விட்டுப் பாக்காமல் வாங்குவானோ?" என்றேன். சிரித்தாய். அங்கேயே இருந்து முடிவை எழுதித் தந்தாய்.

ஆட்களைக் குறைக்கச் சொன்னபோதுதான் சண்டை வந்தது. நீ இருந்த அந்த ஒழுங்கைச் சனம் எல்லாம் போரில் ஒன்றாக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய், பாதிக்கும் குறைவாகத் திரும்பி வந்த கதை அது. பூரணம் மாமியை எடு, சைக்கிள் கடைக்காரரை எடு, அந்த இரட்டைப் பிள்ளைகளை எடு என்று நான் சொல்லச் சொல்ல உன் முகம் கறுத்தது.

"வழியில விட்டிட்டு வந்தது போதாதே? பேப்பரிலயும் விடச் சொல்லுறியோ?"

நீ எழுதினபடியே எல்லோரையும் தட்டச்சு செய்து தந்தேன். ஒருவரையும் விடாமல்தான் அனுப்பினாய். 'சுருக்கம் மிக நீளம், பரிசீலிக்க இயலாது' என்று பதில் வந்தது. நீ வேறெவருக்கும் அனுப்பவில்லை. பிறகு நோய் வந்தது, போய்விட்டாய். உன் பிடிவாதத்தின் மேலும் எனக்குக் கோபம்தான், ஏன் மறைக்க வேண்டும்? இரண்டு பக்கம் என்பது சரியான அளவு. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். சுருக்கத்தில் விட்டவர்கள் எல்லோரும் நாவலில் இருந்திருப்பார்கள்; நாவல் வெளிவந்திருக்கும். இன்று அது என் கணினிக்குள் கிடக்கிறது.

முப்பத்தோராம் நாளன்று பந்தி முடிந்து சனம் கலைந்த பிறகு, உன் மகன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தான். "அன்ரி, அம்மான்ரை நாவல் என்ன கதை? சுருக்கமாச் சொல்லுங்கோவன்."

மூன்று பேரை வைத்து, முடிவோடு சேர்த்து, தேத்தண்ணீர் ஆறுவதற்குள் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யத் தெரிந்தவள் நான். அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "ஒழுங்கை தொடங்கிற இடத்தில பூரணம் மாமி வீடு" என்று தொடங்கினேன். சைக்கிள் கடைக்கு வரும்போது அவன் போனைப் பார்த்தான். இரட்டைப் பிள்ளைகளுக்கு வரும்போது, "ஒரு கோல் வருது அன்ரி" என்று எழுந்து போனான்.

மிச்ச வீடுகளை அந்த வெறுங்கதிரைக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன். ஒருத்தரையும் விடேல்லையடி.