செவலையின் வயிற்றில் ஒரு காந்தம்

என் கண்ணான மரியாளு,

உன் செவலை தீனி எடுக்காமல் நிற்கிறாள். முதுகை வளைத்துக்கொண்டு, படுக்கவும் பயப்படுகிறாள். கன்றாக இருந்தபோது நீ புட்டியில் பால் புகட்டி வளர்த்தவள். இதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன், சொல்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. கல்லறைத் திருநாளுக்கு இண்டூரில் பெரிய மலர்வளையமாக வாங்கி உன் கல்லறையில் வைத்தேன். பூக்களை இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். பூ வாடுவதற்குள் செவலை வேலி தாண்டிப் போய் அதைக் கம்பியோடு மென்று விழுங்கிவிட்டாள். அங்கே எத்தனை கல்லறை, எத்தனை மாலை! உன்னுடையதைத்தான் தின்றிருக்கிறாள்.

மாட்டு டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். விரல் நீளக் காந்தம் ஒன்றையும் அவள் தொண்டைக்குள் இறக்கிவிட்டார்.

"இத்தனை தீனிக்கு நடுவுல அது எப்படிம்மா கம்பியத் தேடிப் புடிக்கும்?" என்று கேட்டேன்.

"அது தேடாதுங்க. காந்தத்தைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத புலம் ஒண்ணு இருக்கு. தீனியோ சதையோ அதைத் தடுக்காது. இரும்புக்குள்ள பொடிப்பொடியாக் காந்தங்க ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கெடக்கும். புலம் பட்டதும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அப்ப கம்பியே காந்தமாகி வந்து ஒட்டிக்கும், வயித்தைக் குத்தாது."

பூசையில் மணி அடித்ததும் எல்லாரும் பீடத்துப் பக்கம் திரும்புவோமே, அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

நம் மகள் ஸ்டெல்லா செல்போனில் திசைகாட்டியைத் திறந்து, செவலையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். முள் வடக்கை விட்டுவிட்டு மாட்டுப் பக்கம் திரும்பியது. காந்தம் இடத்தில்தான் இருக்கிறது. கம்பி அதில் ஒட்டியதா? அதை அந்த முள் சொல்லாது.

"கம்பி வயித்தைக் குத்தி நெஞ்சுப் பக்கம் போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. தள்ளிப் போகப் போகக் காந்தத்தோட பலம் கொறஞ்சிடும். பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கிளம்பினார்.

பார்க்கலாம். உன்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னார்கள். அன்றைக்கும் என்னால் ஆனது ஒன்றுமில்லை.

தவிடு கரைத்து வைத்தேன். முகர்ந்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். "எனக்கென்னடி தெரியும்?" என்றேன். அழுதுவிட்டேன். நீ இருந்திருந்தால் அவள் காதில் ஏதாவது சொல்லியிருப்பாய். என்ன சொல்வாய் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லையே.

அடுத்த வருஷம் உனக்கு வாழைநாரில் தொடுத்த பூதான், கம்பி கிடையாது. செவலை பிழைப்பாள் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை, மரியாளு. உன் கட்டிலோரம் நின்ற மாதிரி அவள் பக்கத்திலும் நிற்பேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்
உன் வூட்டுக்காரன்,
சவரி