தானாக ஏறிய சுருதி

அன்புள்ள அக்காவுக்கு,

நவம்பர் 9, காலை 11.20. உன் இசைத்தட்டில் நாற்பத்தொரு வினாடிகள் உன்னுடையவை அல்ல. நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நான்காவது சொனாட்டாவின் மெதுவான பகுதியைச் சொல்கிறேன். அந்தப் பியானோவின் குணம் உனக்கே தெரியும். இருநூறு வருடத்துக்கு முந்தைய அமைப்பு. உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது, வெறும் மரம். பதிவுக்கூட விளக்குச் சூட்டில் சுருதி இறங்கிக்கொண்டே போகும். அதற்காகத்தானே சுருதி சேர்ப்பவரை வாசலிலேயே உட்காரவைத்தோம்? அவரும் ஒவ்வொரு முறையும் "இது வாத்தியமா, கைக்குழந்தையா?" என்று புலம்பிக்கொண்டேதான் வருவார்.

கடைசிச் சரிபார்ப்புக்கு எனக்கு வந்த பிரதியில் சுருதி ஒழுங்காக இறங்குகிறது. நடுவில் திடீரென்று ஏறுகிறது. நாற்பத்தொரு வினாடி கழித்து மறுபடி பழைய இடத்துக்கே விழுகிறது. இறங்கிய கம்பி தானாக ஏறாது. நான் இல்லாத நாளில் யாரையோ வாசிக்கவைத்து நடுவில் ஒட்டியிருக்கிறார்கள்.

அத்தானிடம் நேராகப் போய்க் கேட்டேன். இசைத்தட்டுக் கம்பெனி அவருடையது, வேறு யாரைக் கேட்பது? கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கடா தெரியப்போகுது? பாம்புச் செவி உனக்கு மட்டும்தான்" என்றார். மோசடி என்றேன். "மோசடி இல்ல மாப்ளே, ஒட்டுத்தையல்" என்று சிரிக்கிறார்.

வாசித்தது ரேடியோ. வாயே திறக்காதவளுக்கு அப்படி நீ பட்டம் வைத்தாயே, உன் அதே மாணவிதான். அத்தானின் உதவியாளர் உளறிவிட்டார். அவளுக்குப் போன் செய்தேன். "அண்ணா, என்னை எதுவும் கேக்காதீங்க, அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

அத்தானை நன்றாகத் திட்டி உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எதற்கும் அந்தப் பிரதியை இன்னொரு முறை போட்டுக் கேட்போமே என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு பகுதியைத் திருப்பி வாசிக்கும்போது வாசிப்பவரே தம் இஷ்டத்துக்கு இரண்டு மூன்று சுரம் சேர்ப்பது அந்தக் காலத்து முறை. அந்த ஒட்டில் சேர்த்திருப்பது நம் பழைய வீட்டு அழைப்புமணியின் மெட்டு. ரிப்பேர் பண்ணுகிறேன் என்று அப்பா கெடுத்துவைத்து, கடைசிச் சுரம் நொண்டியபடி ஒலிக்குமே, அதேதான். நீ வாசித்த எந்தப் பதிவிலும் அது இல்லை. எல்லாவற்றையும் போட்டுக் கேட்டுவிட்டேன். ரேடியோ அந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை.

ஆக, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. உனக்கு எல்லாம் தெரியும். என்னிடம் மட்டும், வலது கை விரல்கள் தேறிவிட்டன, வெறும் ஓய்வுக்காகத்தான் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று வாராவாரம் கதை விட்டிருக்கிறாய். மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஏமாற்ற நான்தான் கிடைத்தேனா? அந்த மணியை விளையாட்டாக வைத்தாயா, இவன் கண்டுபிடிக்கட்டும் என்று வைத்தாயா? கண்டுபிடிக்கத்தான் என்றால், வாயைத் திறந்து சொல்ல உனக்கு என்ன கேடு?

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்றே சொல்லிவைத்திருக்கிறேன். பொய் சொல்வதில் நம் வீட்டில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை பிரதி தொழிற்சாலைக்குப் போகாது. சரிபார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டால்தானே போகும்? போடமாட்டேன். அத்தான் குதிக்கட்டும்.

2. அட்டையில் ரேடியோவின் பெயரும் வரவேண்டும். இல்லையென்றால், உன் விரல் திணறிய இடம் திணறியபடியே வரட்டும். எது என்பதை நீ சொல். இரண்டும் வேண்டாம் என்றால் என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன்.

3. வியாழக்கிழமை ரயிலில் அங்கே வருகிறேன். வராதே என்று பதில் போடாதே. அது இங்கே வந்து சேரும்போது நான் இருக்கமாட்டேன்.

4. வந்ததும் உன் வலது கையைப் பார்ப்பேன். போர்வைக்குள் ஒளித்துவைக்காதே, அக்கா.

கோபம் தீராத
உன் தம்பி