மூட்டிமரத்தடியில் ஒரு ஜோடி செருப்பு

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

சிரஞ்சீவி சத்யப்ரியாவுக்குச் சித்தப்பா வைத்தீஸ்வரன் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும், உன் சித்தி ஷியாமளாவும், அவளுடைய முழங்கால் வலியும் சௌக்கியம். ஹெல்சிங்கியில் நீயும் பனியும் எப்படி? இப்போது ஒரு கதை சொல்கிறேன். இதை நீ நம்பமாட்டாய், ஒருவரும் நம்பமாட்டார்கள், கூடவே நின்று பார்த்த நானே நம்பவில்லை என்று சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குற்றாலத்தில் மூட்டிப்பழம் தின்றுவிட்டு, கொட்டையைப் பையில் கொண்டுவந்து நம் கட்டட கேட் ஓரம் நட்டாயே, அந்த மரம் இன்றைக்கு ஹவுரா பாலத்துக்கே நிழல் தருகிற உயரம். மலையிலேயே அருகிப்போகிற மரம், பத்திரம் சித்தப்பா என்று விமானம் ஏறும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு பூ கிடையாது, பிஞ்சு கிடையாது. இது எதற்கு, வெட்டினால் கார் நிறுத்தலாமே என்று கமிட்டி செக்ரட்டரி கோஷால்தா தீர்மானம் போட்டு, வெட்ட ஆளுக்கும் சொல்லிவிட்டார். எதிர்த்துத் தூக்கிய கை என்னுடையது மட்டும்.

அந்த வாரம் பார்த்து மரம் பூத்தது! கிளையில் இல்லை, அடிமரத்தில், தரையைத் தொட்டுக்கொண்டு, கொத்துக் கொத்தாகச் சிவப்பு. காளிகாட் கோயிலிலிருந்து திரும்பிய மாடிவீட்டு மித்ரா பௌதி, அதாவது இங்கத்திய அண்ணி, யாரோ பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கையில் மிச்சமிருந்த செம்பருத்தியையும் வைத்துக் கும்பிட்டார். அவ்வளவுதான். கோடாரியோடு வந்த ஆள் கும்பிட்டுவிட்டு ஓடியே போனார். மறுநாள் டாலிகஞ்ச் வரை வரிசை, பஸ்ஸையெல்லாம் போலீஸ் திருப்பிவிட்டது. கோஷால்தாவே பட்டு வேட்டியில் வந்து, மகளுக்கு செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனியில் வேலை கேட்டுப் பிரதட்சிணம் செய்தார். இது எந்த டாக்குர், எந்தச் சாமி, உங்கள் மெட்ராஸ் டாக்குரா என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். மூட்டியம்மன் என்று சொல்லித் தொலைத்தேன். செடிக்கு ஒழுங்காத் தண்ணி ஊத்தத் தெரியாது, ஸ்தலபுராணம் மட்டும் சரளமா வரது என்கிறாள் உன் சித்தி.

இப்போது எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பௌதி தினமும் பால் ஊற்றிக் குங்குமம் அப்புகிறார், பூ கருகுகிறது. அது மரத்தின் சொந்தப் பூ என்று உண்மையைச் சொன்னால் கோடாரி திரும்பி வரும். சொல்லாவிட்டால் பக்தியே மரத்தை முடித்துவிடும். அதோடு, இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்று நீ சொன்ன ஞாபகம். பூவை மூக்குக்கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்துவிட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. அம்மன் என்று வேறு சொல்லிவிட்டேன், ஆணாக இருந்தால் என் கதி என்ன?

பூவின் படம் போனில் அனுப்புகிறேன், பார்த்து உடனே சொல். குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிட்டு, தீர்க்காயுசாக, சிரித்த முகமாக இரு.

டாலிகஞ்ச் வரிசை, போலீஸ், பட்டு வேட்டி எல்லாம் அடியேன் கைச்சரக்கு. வெட்ட வந்தவர் அந்த ஒற்றைச் செம்பருத்தியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, அப்படியே வெறுங்காலோடு போனாரே, அந்தச் சின்ன இடமும், பூவும், பௌதியின் பாலும் மட்டும் நிஜம். செருப்பு இன்னும் மரத்தடியில்தான் கிடக்கிறது. அதை எடுத்துப் போடச் சொல்ல கோஷால்தாவுக்கே தைரியம் வரவில்லை.

உன் சித்தப்பா,
வைத்தீஸ்வரன்