பாண் வரிசைப் படம்

பெப்ரவரி 18, செவ்வாய்

ஹவானாவில் நான் எடுத்த படத்தைக் கண்காட்சிக்குத் தெரிவுசெய்திருப்பதாக நூலகத்திலிருந்து இன்று அழைத்துச் சொன்னார்கள். உடனே சம்மதித்துவிட்டேன். படத்தில், பேக்கரி வாசலில் பாண் வாங்க வரிசையில் நிற்கும் ஒரு பெண், கையால் முகத்தை மூடியிருக்கிறாள்.

மனைவி படத்தை உற்றுப் பார்த்தாள். "உந்த மனுசி ஏன் முகத்தைப் பொத்துறா?"

"வெயிலுக்கு" என்றேன்.

அகதி முகாமில் சோற்றுக்கு அம்மா வரிசையில் நின்றபோது ஒரு வெள்ளைக்காரன் கமராவைத் தூக்கினான். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு ஏழு வயது. அவனுக்குக் கல்லெறிய வேண்டும் போலிருந்தது.

நாளை படத்தைப் பெரிதாக அச்சிடப் போகிறார்களாம். அதில் வெயிலே இல்லை; தெரு முழுக்க மழைத்தண்ணீர். மனைவி இன்னும் கவனிக்கவில்லை.