‘ஓ’ என்றால் சம்மதமா

2014 ஜூலை 7, திங்கள்

விடியும்போதே சாரல். தக்கலையில் என் ஜெர்மன் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சு முழுக்க நனைந்து கிடந்தது. துடைக்கத் துணி கேட்டதற்குக் கீழே பேக்கரிக்காரர் பழைய பேப்பர் கொடுத்தார். சாக்பீஸ் வாங்க வேண்டும். தொண்டைக்கு மாத்திரை.

இன்றைய கதை: குளச்சல் சந்தையில் ஒரு பூனை சாளை மீனைத் திருடிக்கொண்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறுகிறது. கண்டக்டர் டிக்கெட் எடுக்கிறாயா என்கிறார். பூனை ‘யா’, அதாவது ஆமாம், என்கிறது. முழுக்க ஜெர்மனில். தமிழில் ஒரு சொல் கிடையாது. படம், கை, என் முகக் கோணல், அவ்வளவுதான். ஜெர்மனி வேலைக்காகப் படிக்க வரும் நர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் புரிந்தது என்று அர்த்தம். இலக்கணம் வேண்டாம், பேசச் சொல்லிக் கட்டாயமும் வேண்டாம். காதில் விழ விழ ஒருநாள் வாயில் தானாக வரும். இதுதான் நான் ஓதும் வேதம்.

ரெஜிலாவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. குளச்சல்காரி. நான் சொல்வது அத்தனையும் புரிகிறது. ஆனால் என்ன கேட்டாலும் தலையைச் சாய்த்து ‘ஓ’. எங்கள் பக்கத்து ‘ஓ’, ஆமாம் என்பதற்குச் சொல்வது. ‘யா’ என்று சொல் என்று ஒருநாளும் நான் திருத்தவில்லை.

புதன்கிழமை அவளுக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரி ஒன்றின் நேர்காணல். இங்கே பார்க்கும் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வா, நாள் முழுக்க மொழி காதில் விழ வேண்டும் என்று சொன்னதும் நான்தான்.

ஜூலை 9, புதன்

மழை விட்டது. கரண்ட் போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

கம்ப்யூட்டரில் நேர்காணல். நான் கேமராவுக்குப் படாமல் ஓரத்தில். வாய் திறக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த ஜெர்மன் அம்மா பொறுமையாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். ரெஜிலா ஒன்றைக்கூட விடவில்லை, கண்ணிலேயே தெரிந்தது. பதில்தான் ஒற்றை ஒற்றைச் சொல்.

கடைசிக் கேள்வி: முதல் இரண்டு வருஷம் உங்கள் குழந்தை வர முடியாது, நீங்கள் தனியாக வருவீர்களா? ரெ.க்கு ஒரு பெண், ஆன்சி. மூன்று வயதுகூட ஆகவில்லை.

தலையைச் சாய்த்தாள். ‘ஓ.’

அந்த அம்மா காத்திருந்தார். பிறகு குனிந்து என்னவோ எழுதினார்.

நான் உதட்டை மட்டும் அசைத்து ‘யா’ என்று காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பேசக் கூடாது என்பது விதி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல, வீம்பு. என் முறையில் படித்தவளுக்கு எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டாம் என்று நிரூபிக்கிற வீம்பு.

படியிறங்கும்போது, அந்த அம்மா சொன்னதெல்லாம் மனசிலாச்சு மிஸ் என்றாள். அதற்கு நான் சந்தோஷப்பட்டேன். வெட்கங்கெட்டவள்.

ஜூலை 11, வெள்ளி

வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போன். ரெ. தேர்வாகவில்லை. குழந்தையை விட்டு வரத் தயங்குகிறார் என்று குறிப்பாம். இங்கே பழைய ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன்.

உட்கார்ந்த இடத்திலேயே அந்த அம்மாவுக்கு ஜெர்மனில் மெயில். எங்கள் மாவட்டத்தில் ‘ஓ’ என்றால் ஆமாம். உங்கள் காதுக்குத்தான் அது ஐயோ என்பதுபோல் கேட்டிருக்கிறது. தலை சாய்ப்பதும் சம்மதம்தான். நன்றாகவே எழுதியிருந்தேன். திரும்பத் திரும்பப் படித்து ரசித்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்றார். எங்க ஊர் ‘ஓ’ எனக்குத் தெரியாதா என்று சீறினேன். அந்தக் கோபத்தில் நெத்தோலிக் கறி அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே சாப்பிட்டார்.

ஜூலை 14, திங்கள்

மெயில் பலித்தது. மன்னிப்புக் கேட்டு, ரெஜிலாவை எடுத்துக்கொள்வதாகப் பதில். நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். பேக்கரியில் எல்லோருக்கும் கேக் வாங்கினேன்.

ரெ. தாமதமாக வந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆன்சியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. எல்லோர் முன்னிலும் விஷயத்தைச் சொன்னேன். மெயிலையும் வாசித்துக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர்களைச் சாயா குடிக்க அனுப்பிவிட்டு என்ன என்று கேட்டேன்.

“மிஸ், அன்னைக்கு நான் சொன்னது ஆமான்னு இல்ல.”

பின்னே என்ன அது?

“பிள்ளைய விட்டுட்டு வரணும்னு கேட்ட ஒடனே நெஞ்சு அடச்சுப் போச்சு. அதுல வந்த சத்தம்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாமே மக்கா என்றேன்.

“உங்க கதையில யாரும் முடியாதுன்னு சொன்னதே இல்லியே மிஸ்.”

ஒவ்வொரு கதையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். பூனை, கண்டக்டர், பாட்டுப் பாடும் டாக்டர், எல்லோரும் ‘யா’தான். வகுப்பு சந்தோஷமாக இருக்கட்டும் என்று அப்படியே வைத்திருக்கிறேன். வேலையை விடு என்று நான் சொன்னபோதும் இவள் ‘ஓ’ என்றுதான் சொன்னாள். அது எந்த ‘ஓ’ என்று நான் கேட்கவில்லை.

ரெ. பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: “இஷ் கான் நிஷ்ட் கொம்மென். மைன் கிண்ட் இஸ்ட் நோஹ் க்ளைன்.”

என்னால் வர முடியாது. என் பிள்ளை இன்னும் சின்னவள். ஒரு பிழை இல்லை. ‘வர முடியாது’ என்பதை அந்த அம்மாவின் கேள்வியிலிருந்தே எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்திருக்கிறது.

நான் ‘ஸேர் கூட்’ என்றேன். மிக நன்று என்று. வகுப்பில் சரியாகச் சொன்ன பிள்ளையிடம் சொல்வதுபோல, சிரித்துக்கொண்டே.