கணுக்காலில் ஒட்டு

அன்புள்ள நோரீன்,

உனக்கும் நம் பசுக்களுக்கும் சுகந்தானே? டென்மார்க் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் முழங்கால் உயரப் புல்லைப் பார்த்து ஆசைப்பட்டு மாடுகளைத் திறந்துவிட்டேன். அவை நுனி இலையை மட்டும் கடித்துவிட்டு, முற்றிய தண்டையெல்லாம் மிதித்துப் போட்டன. மறுநாளே பால் குறைந்தது.

"அயர்லாந்துக்காரனுக்கே புல்லு தெரியலையா? உயரம் இருந்தா போதுமாப்பா, இலை வேணாமா?" என்று முதலாளி யென்ஸ் சிரித்தார். வேலை போகவில்லை, கவலைப்படாதே.

இங்கே எல்லாரும் நல்லவர்கள்தான். சாப்பிடும்போது யாரும் பேசுவதில்லை.

என் பழைய ரப்பர் பூட்ஸை அனுப்பு. அதன் கணுக்காலில் கிழிசலுக்கு நீ ஒட்டுப் போட்ட இடம்வரை புல் வளர்ந்ததும்தானே அங்கே மாட்டை விடுவேன்? புது பூட்ஸில் ஒட்டு இல்லை, எனக்கு அளவே பிடிபடவில்லை.

பால் வண்டி வந்துவிட்டது.

உன் டோனல்

பூட்ஸைக் கழுவாதே. நம் மண் அப்படியே இருக்கட்டும்.